கைகள் பேசும் மொழி: அஞ்சலியும் அபயமும்

மீன்பாடும் தேன்நாடு எனப் போற்றப்படும் மட்டுமாநகர் வாவிக்கரையிலே, வயலும் வாவியும் சூழ்ந்த நம் கிராமத்தில் கோயில் கொண்டெழுந்தருளியிருந்து, அடியார்களின் குறைதீர்த்து அருள்பாலித்துவரும் எம்பெருமானின் திருப்பாதங்களைப் பணிந்து, இவ்வாண்டு மலருக்காக இச்சிறு கட்டுரையைச் சமர்ப்பிக்கின்றேன்.

மெய்யடியார்களே! கோயில் வாசலிலே கால் வைத்ததும் நாம் முதலிற் செய்வது என்ன? வாய் தேவாரம் பாடத் தொடங்கு முன்னரே, கண் திருவுருவத்தை முழுமையாகக் காணு முன்னரே, நம் இரு கைகளும் தாமாகவே கூடிவிடுகின்றன. எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தைக்குக்கூட "சாமி கும்பிடு" என்றால் முதலில் தெரிவது கைகூப்புவதுதான். பேச்சு வருமுன் வருவது கை. முதுமையிலே பேச்சுத் தளர்ந்த பின்னரும் நிற்பது கை. ஆகவேதான் நம் முன்னோர் வழிபாட்டிலே கைக்குத் தனி இடம் கொடுத்தனர். அந்தக் கைமொழியின் பொருள் யாது, அது நம் சமயத்திலும் பிற சமயங்களிலும் எவ்வாறு விளங்குகின்றது, அதனால் நாம் கற்க வேண்டியது என்ன என்பனவற்றைச் சிறிது சிந்திப்போம்.

கூப்பிய கை

இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி வணங்குவது அஞ்சலி எனப்படும். வலக்கை ஆண்டவனையும் இடக்கை ஆன்மாவையும் குறிப்பதாகவும், இரண்டும் கூடுவது ஆன்மா இறைவனோடு கூடுவதைக் காட்டுவதாகவும் பெரியோர் விளக்குவர். இதற்கு இன்னோர் எளிய பொருளும் உண்டு. கூப்பிய கையால் எதையும் எடுக்க முடியாது. எவரையும் அடிக்க முடியாது. ஆயுதம் பிடிக்க முடியாது. "என்னால் ஆவது ஒன்றுமில்லை, நீயே கதி" என்று சொல்லாமற் சொல்லும் நிலை அது.

அஞ்சலியை எங்கே வைக்கவேண்டும் என்பதற்கும் வரையறை உண்டு. தெய்வத்தை வணங்கும்போது தலைக்கு மேலும், குருவை வணங்கும்போது முகத்துக்கு நேராகவும், சான்றோரை வணங்கும்போது மார்புக்கு நேராகவும் கைகளைக் கூப்புதல் வேண்டும் என்பது பரத நூலார் கொள்கை. நாவலர் பெருமான் சைவ வினாவிடையிலே நமஸ்காரத்தை அட்டாங்கம், பஞ்சாங்கம், திரயாங்கம் என வகுத்துக் கூறுகின்றார். அவற்றுள் சிரசின்மேல் இரு கைகளையும் குவித்து வணங்குவது திரயாங்கமாகும். இரு கையும் தலையுமாகிய மூன்று உறுப்புகளால் செய்யப்படுவதால் அப்பெயர் பெற்றது. நோயாளரும் முதியோரும் நிலத்தில் விழுந்து வணங்க இயலாதபோது இந்த மூன்றுறுப்பு வணக்கமே அவர்களுக்கு நிறைவான வணக்கமாக அமைகின்றது.

அப்பர் சுவாமிகள் திருவங்கமாலையிலே தலை, கண், செவி, வாய் என்று தம் உறுப்புகளை ஒவ்வொன்றாக அழைத்து இறைவன் பணிக்கு ஏவுகின்றார். அந்த வரிசையிலே கைகளையும் அழைத்தார். அதனோடு அவர் நின்றுவிடவில்லை. அதே கைகளால் உழவாரம் பிடித்துக் கோயில் வீதிகளிலே புல்லைச் செதுக்கினார். கூப்பிய கையும் தொண்டு செய்த கையும் ஒரே கைதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிள்ளையார் முன்னும் சண்டேசுரர் முன்னும்

பிள்ளையார் சந்நிதியிலே முட்டியாகப் பிடித்த கைகளால் நெற்றியில் மும்முறை குட்டி, வலக்காதை இடக்கையாலும் இடக்காதை வலக்கையாலும் பிடித்துக்கொண்டு மும்முறை தாழ்ந்தெழுந்து கும்பிடுகின்றோம். "தோர்பி கர்ணம்" என்னும் வடமொழித் தொடரே தோப்புக்கரணம் ஆயிற்று என்பர். கைகளால் காதைப் பிடித்தல் என்பது அதன் பொருள். பிழை செய்த பிள்ளை தந்தை முன் காதைப் பிடிப்பது போல, அறிவுக்கு அதிபதியாகிய விநாயகர் முன் நம் அறியாமையை நாமே ஒப்புக்கொள்ளும் செயல் இது. இன்று சிலர் கைகளைக் காதருகே கொண்டுபோய் ஆட்டிவிட்டு நகர்ந்து விடுகின்றனர். காதும் பிடிபடுவதில்லை, முழங்காலும் மடங்குவதில்லை.

சண்டேசுரர் சந்நிதியிலோ மும்முறை கைகொட்டி, சிவதரிசனப் பலனைத் தரும்படி வேண்டுதல் முறை. எப்போதும் சிவத்தியானத்தில் இருப்பவர் அவர். அவருடைய தியானம் கலையும்படி ஓங்கித் தட்டுதலும், உடுத்த ஆடையிலிருந்து நூலை இழுத்துப் போடுதலும் தவறானவை. "சிவன் சொத்து எதையும் நான் எடுத்துச் செல்லவில்லை" என்று வெறுங்கையைக் காட்டுவதாகவும் இதற்குப் பொருள் சொல்வதுண்டு. ஆலயத்தின் காசையோ காணியையோ கையாளும் பொறுப்பிலுள்ள வண்ணக்கர்மாரும் பரிபாலன சபையாரும் இந்தப் பொருளை நாள்தோறும் நினைக்கத் தக்கது.

மௌனத்திலே பேசும் கை

நம் பகுதியிலே கைமொழியின் பெருமையைக் காண வேறெங்கும் போகவேண்டியதில்லை. படுவான்கரையிலே சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர்த் திருத்தலம் இருக்கின்றது. அங்கே கப்புகனார் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, திரைச்சீலைக்குப் பின்னே மௌனமாகப் பூசை செய்கின்றார். கதிர்காமத்திலும் இதே மரபைக் காண்கின்றோம். ஓங்கி ஒலிக்கும் மந்திரம் இல்லை, தெய்வத்தின் உருவத்தைக் கண்ணாரக் காண்பதும் இல்லை. ஆயினும் திரைக்கு வெளியே ஆயிரமாயிரம் அடியார்கள் கைகளைத் தலைமேல் உயர்த்தி "அரோகரா" என்று உருகி நிற்கின்றனர். வாய் கட்டப்பட்ட இடத்தில் கை பேசுகின்றது, மனம் கேட்கின்றது. பேச இயலாத ஒருவர் தம் கையசைவாலே செய்யும் வழிபாடு, நன்றாகப் பாடத் தெரிந்தவரின் வழிபாட்டுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பதை மண்டூர் முருகன் நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கின்றான்.

ஆகம முறைப்படி பூசை நடைபெறும் கோயில்களிலும் சிவாச்சாரியாரின் கைகளைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். மந்திரம், கிரியை, பாவனை ஆகிய மூன்றும் அங்கே இணைகின்றன. இறைவனை அழைக்கும்போது ஆவாகன முத்திரை. இருத்தும்போது ஸ்தாபன முத்திரை. அருகே எழுந்தருளச் செய்ய சந்நிதான முத்திரை. நீங்காதிருக்க வேண்டிச் சந்நிரோதன முத்திரை. சுட்டுவிரலைச் சுற்றிக் காவல் அமைப்பது அவகுண்டனம். விரல்களைக் கோத்துப் பசுவின் மடிபோல அமைத்துக் காட்டுவது தேனு முத்திரை. காமதேனுவின் பால் சொரிவதாகப் பாவித்து, அபிஷேக நீரையும் நைவேத்தியத்தையும் அமுதமாக்கும் கிரியை அது.

நம் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்தால் என்ன செய்கின்றோம்? வாசலுக்குப் போய் "வாருங்கள்" என்று கைநீட்டி அழைக்கின்றோம், பாயை விரித்து அமரச் செய்கின்றோம், "சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்" என்று தடுக்கின்றோம். சிவாச்சாரியாரின் முத்திரைகளும் அதே உபசாரந்தான். முத்திரை என்பது தேவர்களுக்கு மகிழ்ச்சியைத் தருவது, பாவத்தைக் கரைப்பது என்று ஆன்றோர் பொருள் உரைப்பர். அரசன் ஓலையில் இடும் இலச்சினைக்கும் முத்திரை என்றே பெயர். சொன்ன சொல்லை உறுதிப்படுத்துவது இலச்சினை. ஓதிய மந்திரத்தை உறுதிப்படுத்துவது கைமுத்திரை.

சின்முத்திரை என்னும் சித்தாந்த நூல்

கல்லால மரத்தடியிலே தென்முகம் நோக்கி எழுந்தருளியிருக்கும் தட்சிணாமூர்த்தி, சனகாதி முனிவர் நால்வருக்கும் உபதேசம் செய்தார். எவ்வாறு செய்தார்? வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையைக் காட்டினார். முனிவர்களின் ஐயம் நீங்கிற்று.

பெருவிரல் பதி. சுட்டுவிரல் பசு. ஏனைய மூன்று விரல்களும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள். சாதாரணமாக நம் சுட்டுவிரல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றது என்று உங்கள் கையையே விரித்துப் பாருங்கள். மூன்று விரல்களோடு சேர்ந்தே நிற்கும். பெருவிரல் சற்று விலகித் தனியே இருக்கும். ஆனால் அந்தப் பெருவிரல் இல்லாமல் மற்ற நான்கு விரல்களாலும் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. ஓர் உருண்டைச் சோற்றைக்கூட எடுக்க முடியாது. சுட்டுவிரல் மூன்றையும் விட்டுப் பிரிந்து, வளைந்து, பணிந்து பெருவிரலைத் தொடும்போது சின்முத்திரை உண்டாகின்றது. உயிர் மலங்களை நீங்கித் தலைவணங்கி இறைவனைச் சேர்வதே முத்தி. சைவசித்தாந்தம் பக்கம் பக்கமாக விரித்துரைக்கும் முப்பொருள் உண்மை ஒரு கையிலே அடங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிறரைக் குற்றஞ்சொல்லச் சுட்டி நீட்டுவதும் இதே விரல்தான். அயலவனை நோக்கி நீளும் விரல் ஆணவத்தின் விரல். வளைந்து பெருவிரலைத் தொடும் விரல் ஞானத்தின் விரல்.

தீர்த்தக் கரையிலே

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தக்குளத்திலே கூடும் கூட்டத்தை அறியாதார் நம்மிடையே இல்லை. தந்தையை இழந்தவர்கள் அங்கே தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்கின்றனர். அப்போது எள்ளும் நீரும் எந்த வழியால் விடப்படுகின்றது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நம் கையிலேயே தீர்த்தங்கள் இருப்பதாகத் தரும நூல்கள் கூறுகின்றன. விரல் நுனி தேவ தீர்த்தம். சிறுவிரலின் அடி முனிவர்க்குரிய தீர்த்தம். பெருவிரலின் அடி பிரம தீர்த்தம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட பகுதி பிதிர் தீர்த்தம். தென்புலத்தார்க்கு விடும் நீர் இந்த வழியாகவே வழிய வேண்டும்.

இதன் உட்பொருள் மிக உருக்கமானது. உயிரோடிருந்த காலத்தில் தந்தை நம் கையைப் பிடித்து நடத்தினார். அவர் போன பின்னர் அவர் பிடித்த அதே கையால் நீர் வார்க்கின்றோம். போர்க்காலத்திலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் உறவுகளை இழந்து, இறுதிக் கிரியைகூடச் செய்ய முடியாது போன குடும்பங்கள் நம் கரையோரக் கிராமங்களிலே எத்தனையோ உண்டு. அவர்களுக்கு அந்தத் தீர்த்தக்கரைதான் ஆறுதல். உடலைக் காணாவிட்டாலும் கை நீரை வார்க்கின்றது, மனம் சிறிது அமைதி அடைகின்றது.

கலையிலே கைமொழி

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் ஒற்றைக் கையால் காட்டும் அபிநயங்கள் 33 எனவும் இரட்டைக் கையால் காட்டுபவை 15 எனவும் குறிப்பிடுகின்றார். இரட்டைக் கை வகையிலே அஞ்சலியும் ஒன்று. நம் மண்ணின் மைந்தரான காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியிட்ட மதங்கசூளாமணியிலே பழந்தமிழ் நாடக இலக்கணத்தை ஆராய்ந்தார். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை அமைத்த அப்பெரியார், பல்கலைக்கழகத்திலே முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த அதே ஈடுபாட்டோடு நம் கிராமத்துப் பிள்ளைகளின் கல்விக்கும் கைகொடுத்தார். கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, அபிநய தர்ப்பணம் என்னும் நூலை 1917இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, அடுத்த ஆண்டிலே சிவதாண்டவத்தின் தத்துவத்தை மேலைநாட்டார்க்கு உணர்த்தினார். நடராசப் பெருமானின் கையழகை உலகம் அறியச் செய்தவர் இலங்கை மண்ணில் பிறந்த ஒருவர் என்பது நமக்குப் பெருமையே.

அயலவர் வழிபாட்டிலே

கைகளால் இறைவனோடு பேசுவது நமக்கு மாத்திரம் உரியதன்று. மனிதன் எழுதக் கற்கு முன்னரே தன் கையைப் பாறையிலே பதித்தான். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக் குகையொன்றிலே 39,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கைத்தடம் காணப்படுகின்றது. "நான் இங்கே இருந்தேன்" என்று கை சொன்ன முதற்சொல் அது எனலாம்.

பௌத்தத்திலே புத்தர் பெருமானின் திருவுருவங்களைக் கைகளைக் கொண்டே இனங்காண்பர். மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கைவைத்தால் தியானம். நிலத்தைத் தொட்டால் ஞானம் பெற்ற வேளையில் பூமியைச் சாட்சியாக அழைத்தமை. மார்புக்கு நேரே இரு கையும் சக்கரம்போல அமைந்தால் முதல் உபதேசம். பொலனறுவைக் கல்விகாரையிலே பன்னிரண்டாம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட, ஏறத்தாழ 7 மீற்றர் உயரமான நின்ற திருவுருவம் மார்பின்மேல் கைகளைக் குறுக்காக மடித்து நிற்கின்றது. பிறர் துன்பத்தைக் கண்டு வருந்தும் நிலை அது என்று அறிஞர் சிலர் விளக்குவர்.

நம் கிழக்குக் கரைக்கே உரிய ஒரு திருவுருவமும் உண்டு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திலே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலப் படிமம் 143 சென்ரிமீற்றர் உயரமானது. எட்டாம் நூற்றாண்டளவிலே வார்க்கப்பட்ட அப்படிமத்தைத் தேசாதிபதியாக இருந்த பிறவுண்றிக் 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்கு அளித்தார். இன்றும் அது இலண்டனிலேயே இருக்கின்றது. அத்தேவியின் வலக்கை உள்ளங்கை வெளியே தெரியத் தாழ்ந்து, கேட்டதைக் கொடுக்கும் வரத முத்திரையிலே அமைந்துள்ளது. நம் அம்பாளின் கையைப் பார்த்தவர்கள் அந்தக் கையைப் பார்த்தால் அந்நியமாக எண்ணமாட்டார்கள்.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் நம் இஸ்லாமியச் சகோதரர்கள் தொழுகையைத் தொடங்கும்போது இரு கைகளையும் உயர்த்தி இறைவனே பெரியவன் என்கின்றனர். இருப்பிலே கலிமாவை மொழியும்போது சுட்டுவிரலை உயர்த்தி இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்கின்றனர். துஆக் கேட்கும்போது உள்ளங்கைகளை விரித்து ஏந்துகின்றனர். நாம் இரு கையையும் ஏந்தித் தீர்த்தம் பெறுவதற்கும் அதற்கும் உள்ளத்தளவிலே வேறுபாடு இல்லை. இரண்டும் வெறுங்கையோடு வந்து அருளுக்காக ஏங்கும் கைகள்.

1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ற் பாதிரியார் காலந்தொட்டு மெதடிஸ்த திருச்சபையும், அதற்கு முன்னரே கத்தோலிக்க சமயமும் இங்கு வேரூன்றின. கத்தோலிக்கர் நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று கையால் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைகின்றனர். குருவானவர் கையை உயர்த்தி ஆசீர்வதிக்கின்றார். நோயாளியின் தலையிலே கைவைத்துச் செபிக்கின்றார். இன்று கிறிஸ்தவர்கள் கைகளைக் கூப்பிச் செபிப்பதை நாம் காண்கின்றோம். உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளிலுள்ள ஆதிக் கிறிஸ்தவ ஓவியங்களிலோ கைகளை இருபுறமும் விரித்து உயர்த்திச் செபிப்போரைக் காணலாம். தாய்லாந்திலே வணக்கஞ் சொல்வோரும், யப்பானியப் பௌத்தரும், "ஆயுபோவன்" என்று நீண்ட ஆயுளை வாழ்த்தும் சிங்களச் சகோதரரும் நம்மைப்போலவே கைகூப்புகின்றனர். சமண சமயத்தவரின் சின்னத்திலே விரித்த உள்ளங்கை ஒன்று காணப்படுகின்றது. அதன் நடுவே அகிம்சை என்ற சொல் எழுதப்பட்டுள்ளது. யாரையும் துன்புறுத்துமுன் நில் என்று அந்தக் கை தடுக்கின்றது.

ஆயினும் எல்லாக் கைகளும் எங்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. உள்ளங்கையை வெளியே காட்டுவது நமக்கு அபயம். ஐந்து விரலையும் விரித்து ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவது கிரேக்க நாட்டிலே பெரும் அவமதிப்பு. பெருவிரலை உயர்த்திக் காட்டுவது நம் பிள்ளைகளுக்கு வெற்றிக்குறி, மேற்காசிய நாடுகள் சிலவற்றிலே இழிவுக்குறி. அங்கே தொழிலுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது. கை மாத்திரம் போதாது, அதன் பின்னாலுள்ள மனமும் அதைக் காண்பவரின் வழக்கமும் சேர்ந்தே பொருள் தருகின்றன. ஆகவே மற்றொருவரின் வழிபாட்டுக் கையசைவைக் கண்டு நகைப்பது அறியாமையாகும்.

அஞ்சேல் என்னும் கை

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். நடராசப் பெருமானின் நான்கு திருக்கரங்களுள் உடுக்கை ஏந்திய கரம் படைத்தலையும், அனல் ஏந்திய கரம் அழித்தலையும், அமைந்த கரம் காத்தலையும் குறிக்கும். வீசிய இடக்கரம் தூக்கிய திருவடியைச் சுட்டி, "இதுவே உனக்குப் புகலிடம்" என்று காட்டுகின்றது. ஊன்றிய திருவடி மறைத்தலும் தூக்கிய திருவடி அருளலுமாகும். உண்மை விளக்கம் என்னும் சாத்திரம் இதனை விரித்துரைக்கும். இவற்றுள் காத்தலைக் குறிக்கும் கரமே அபயகரம். பிள்ளையாரிடத்தும் முருகனிடத்தும் அம்பாளிடத்தும் நாம் காண்பது அந்தக் கைதான். அதன் பொருள் ஒரே சொல். அஞ்சாதே.

அந்தச் சொல்லின் அருமையை நம் மாவட்டத்து மக்களைவிட நன்கு அறிந்தவர் யார்? 1978 நவம்பர் 23ஆந் திகதி அடித்த சூறாவளியிலே கூரையும் தென்னையும் பறக்க, கோயில் மண்டபங்களிலே ஒதுங்கியோர் அந்தக் கையை நோக்கியே இரவைக் கழித்தனர். முப்பதாண்டுப் போரிலே எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே இடம்பெயர்ந்தோர், மூட்டை முடிச்சோடு சுவாமி படத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினர். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு நகரிலே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டபோது நம் ஊர்களும் அழுதன. அன்று கொழும்பு இரத்த வங்கியிலே பல சமயத்தவரும் திரண்டு நின்று இரத்தம் கொடுக்கக் கையை நீட்டினர். நீட்டிய கையிலே எந்தச் சமயம் என்று ஊசி பார்ப்பதில்லை. ஒரு மனிதனின் கை எவ்வளவு பெரிய அழிவைச் செய்யமுடியும் என்பதையும், எவ்வளவு பெரிய அருளைச் செய்யமுடியும் என்பதையும் ஒரே நாளில் கண்டோம்.

அன்பர்களே, அபயகரத்தின் முன்னே நின்று "என்னைக் காப்பாற்று" என்று கேட்கின்றோம். கேட்பது நம் உரிமை. ஆனால் அந்தக் கையைத் தரிசித்தவனுக்கு ஒரு கடமையும் உண்டு. என் கையைக் கண்டு எவரும் அஞ்சக்கூடாது என்பதே அக்கடமை. திருவிழாவிலே காவடி சுமந்த கை, தேர்வடம் பிடித்த கை, தீமிதிப்பில் கும்பம் ஏந்திய கை, வீட்டுக்குப் போனதும் மனைவிமேல் ஓங்கப்படுமானால் அந்த வழிபாட்டின் பயன் என்ன? தகப்பன் வாசலிலே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அறையின் மூலையிலே ஒடுங்குவார்களானால், அந்த வீட்டின் சுவாமி அறையிலே அபயகரம் இருந்தும் என்ன? மதுவினால் நம் கிராமங்களிலே எத்தனை குடும்பங்கள் இந்த நிலையில் இருக்கின்றன என்பதை நான் எழுதித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை.

கண்ணப்ப நாயனார் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். வேட்டையாடிய கை, அம்பு தொடுத்த கை, இறுதியிலே அன்பு மேலீட்டால் தம் இரண்டாவது கண்ணையும் இடந்து அப்ப எழுந்த கை. அப்போது காளத்தியப்பர் என்ன செய்தார்? திருமேனியிலிருந்து தம் கையை நீட்டி நாயனாரின் கையைப் பிடித்துத் தடுத்தார். பக்திக்காகவேனும் தன் அடியவன் துன்புறுவதை இறைவன் பொறுக்கவில்லை. அப்படியானால், கோபத்திலே அப்பாவி ஒருவர்மேல் ஓங்கும் நம் கையை அவன் பொறுப்பானா? ஓங்கும் ஒவ்வொரு கையையும் தடுக்க அந்தக் கை நீண்டுகொண்டே இருக்கின்றது. நாம்தான் கவனிப்பதில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, இரு கையாலும் வழிபடுவோம். பூசை வேளையிலே ஒரு கையில் கைத்தொலைபேசியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு மறு கையை நெஞ்சில் வைப்பது அஞ்சலியாகாது. தீபாராதனை நடக்கும் அந்தச் சில நிமிடங்கள் கைகள் வேறெதையும் பிடியாதிருக்கட்டும்.

இரண்டாவதாக, விபூதி, பிரசாதம் பெறும்போது இடக்கையின்மேல் வலக்கையை வைத்துப் பணிவோடு பெற்று, நடுவிரல் மூன்றினாலும் நெற்றியிலே தரிப்போம். நிலத்தில் சிந்தாதிருக்கப் பார்த்துக்கொள்வோம். அன்னதானம் பரிமாறும் கை, பசித்தவனின் சாதி, ஊர், உடை பாராதிருக்கட்டும்.

மூன்றாவதாக, அறநெறிப் பாடசாலையிலே பிள்ளைகளுக்குத் தேவாரத்தோடு இந்தக் கைமொழியின் பொருளையும் சொல்லிக்கொடுப்போம். ஏன் குட்டிக் கும்பிடுகின்றோம் என்று பிள்ளை கேட்டால் "அப்படித்தான்" என்று சொல்லி வாயை அடைக்க வேண்டாம். பொருள் தெரிந்து கும்பிடும் பிள்ளை நாளை பொருள் தெரிந்து வாழும்.

நான்காவதாக, வாரத்தில் ஒரு நாளாவது ஆலய வீதியைக் கூட்ட, தீர்த்தக்கரையிலே போடப்படும் பொலித்தீனை அகற்றக் கைகொடுப்போம். அப்பர் சுவாமிகளின் உழவாரம் இன்று நம் கையில் ஒரு விளக்குமாறாக இருக்கலாம்.

ஐந்தாவதாக, அயற்கிராமத்தவர் எச்சமயத்தவராயினும் அவர்களின் இன்பதுன்பங்களுக்குக் கைநீட்டுவோம். வெள்ளம் வந்தால் வாவி எல்லோர் வாசலுக்கும் ஒன்றாகவே ஏறுகின்றது. தோணியில் ஏற்றும் கை, ஏறுபவரின் சமயத்தைக் கேட்பதில்லை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரின் தேர், வடத்தைப் பற்றிய ஒரு கையால் நகர்வதில்லை. வலுத்த கை, மெலிந்த கை, உழைத்துக் காய்த்த கை, வளையலணிந்த கை, சிறு பிள்ளையின் கை என எல்லாம் ஒரே வடத்தில் சேரும்போதுதான் சில்லு உருள்கின்றது. கிராமமும் அப்படித்தான். குடும்பமும் அப்படித்தான்.

கூப்பிய கை இறைவனுக்கு. கொடுக்கும் கை அயலவனுக்கு. அஞ்சாதே என்னும் கை நம் வீட்டில் இருப்பவர்க்கு. இம்மூன்றும் ஒருவனிடத்திலே அமையுமானால் அவன் கையே ஒரு திருக்கோயில் ஆகும். இவ்வாண்டு உற்சவத்திலே எம்பெருமானின் அபயகரத்தைத் தரிசிக்கும் அடியார் அனைவரும் அந்தக் கையின் நிழலிலே நோய்நொடியின்றி வாழவும், நம் கைகளும் அவன் திருக்கரத்தின் வழிநின்று இயங்கவும் அவன் திருவடிகளை வேண்டி அமைகின்றேன்.

திருச்சிற்றம்பலம்.